சத்தமே வரக்கூடாது

"நல்ல கூலரா ஒண்ணு குடுங்க" என்று வருபவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நல்லது என்றால் எதற்கு நல்லது? சிப் எது, என்ன வேகத்தில் ஓடுகிறது, எந்த அறையில் இருக்கிறது, அந்த அறையில் யார் படுக்கிறார்கள், இதெல்லாம் சொல்லாமல் கூலர் கேட்பது, காலைக் காட்டாமல் செருப்பு கேட்பது மாதிரி. கம்ப்யூட்டர் சாமான் விற்கும் ரிச்சி ஸ்ட்ரீட்டில் மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது என் கடை. முப்பது வருஷமாக ஆட்கள் வருகிறார்கள், திட்டு வாங்குகிறார்கள், திரும்பவும் வருகிறார்கள். ஃபிலோமினாவுக்கு வாய் நீளம், கை சுத்தம் என்று தெருவில் பேச்சு. கை சுத்தம்தான். அந்த வாயைப் பற்றித்தான் இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது.

தணிகைவேல் அப்படி மொட்டையாகக் கேட்கவில்லை. முப்பத்தைந்து வயசிருக்கும். இஸ்திரி போட்ட சட்டை, நெற்றியில் மெல்லிய திருநீறு. ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதிக் கொண்டுவந்திருந்தான்.

"அக்கா, எங்கப்பாவோட பேச்சுப்பெட்டிக்கு. சத்தமே வரக்கூடாது."

பேச்சுப்பெட்டி என்றதும் எனக்கு மனசு இளகிவிட்டது. பக்கவாதத்தில் உடம்பு முழுக்கச் செத்துப்போய், கண் மட்டும் உயிரோடு இருப்பவர்களுக்கு ஆஸ்பத்திரியில் தலைக்குள் மெல்லிய கம்பி வைத்து, கட்டில் பக்கத்தில் ஒரு பெட்டி கொடுப்பார்கள். ஆள் பேச நினைப்பதைப் பெட்டி குரலாக்கும். நோயாளிக்கு ஒரே ஒரு பெட்டிதான். அந்த ஆளின் மூளைக்கு அது பழகவே ஒன்பது மாசம் ஆகும்.

"கம்பெனி குடுக்கிற வேகத்துல ஒரு வார்த்தைக்குப் பத்து செகண்ட் ஆகுதுக்கா. அதான் நானே ஏத்திவிட்டேன். மூணு கிகாஹெர்ட்ஸ்ல இருந்தது, இப்போ நாலரை. ஆறுக்குக் கொண்டுபோகணும்."

"ஆறா? வெந்துடும்பா. அடுப்புல வெச்ச தோசைக்கல்லு கணக்கா ஆயிடும்."

"அதுக்குத்தான் உங்ககிட்ட வந்தேன்."

சிரித்துவிட்டேன். யாராவது என் கையை நம்பி வந்தால் எனக்குத் தலைகால் புரியாது. அவனை ஸ்டூலில் உட்காரவைத்துப் பாடமே எடுத்தேன். வெறும் விசிறி கூலர் வேண்டாம், ஆறில் ஓடும் சிப்புக்கு அது மிக்ஸி மாதிரி கத்தும். தண்ணி கூலர்தான் சரி. சிப் மேலே ஒரு பம்ப் உட்கார்ந்து சூட்டைத் தண்ணியில் வாங்கி, குழாய் வழியாக ரேடியேட்டருக்கு அனுப்பும். அங்கே விசிறி அதை ஆற்றும். ரேடியேட்டர் சின்னதாக இருந்தால் விசிறி வேகமாகச் சுற்ற வேண்டும், சத்தம் வரும். பெரிதாக இருந்தால் மெதுவாகச் சுற்றினாலே போதும். மூன்று விசிறி வைத்த நீள ரேடியேட்டரை எடுத்து, குழாயை நீட்டி, பால்கனியில் மாட்டிவிட்டால் அறைக்குள் ஒரு சத்தமும் கிடையாது. பம்ப் மட்டும் லேசாக முனகும். அதற்கும் அடியில் ரப்பர் வைத்துவிடலாம்.

"அந்த முனகலும் வேணாம்க்கா."

"ஏம்பா, அப்பாவுக்குத் தூக்கம் கெடுதா?"

"இல்ல. அவர் பேசுறது ரெண்டு விதமா வருது. சொல்லணும்னு நினைக்கிறது உரக்க வரும். சொல்லலாமா வேணாமான்னு நினைக்கிறது முணுமுணுப்பா வரும். வேகம் ஏற ஏற அது ஜாஸ்தியாகுது. ஆனா விசிறி சத்தத்துல அமுங்கிப்போகுது. பெட்டி மைக்ல கேட்டு அதை எழுதியும் வைக்கும், ஆனா சத்தத்துக்கு நடுவுல பாதிதான் எழுதுது."

"மனசுல நினைக்கிறதெல்லாம் வெளிய வந்துடுமா?" என்றேன். "எங்க வீட்டுக்காரருக்கு அப்படி ஒரு பெட்டி வெச்சிருந்தா நான் என்னிக்கோ ஜெயிலுக்குப் போயிருப்பேன்."

அவன் சிரிக்கவில்லை. "இன்னொண்ணு. ரொம்ப சூடானா தானா அணையுதில்ல, அந்தப் பாதுகாப்பை எடுத்துடணும். நடுவுல அணைஞ்சு அணைஞ்சு போகுது."

"அதை எடுத்தா, கூலர் நின்ன அஞ்சாவது நிமிஷம் சிப்பு கருகிடும். அப்புறம் ஆண்டவரே வந்தாலும் குரல் வராது."

"கூலர் ஏன் நிக்கப்போகுது? நீங்கதானே மாட்டுறீங்க."

இப்படி ஒரு வார்த்தையில் என்னை விழவைத்துவிட்டான். அப்பன் பேச்சைக் கேட்க இந்தக் காலத்தில் எந்தப் பிள்ளை இப்படி அலைகிறான் என்று உருகிப்போய், மறுநாள் காலையிலேயே சாமானோடு கொருக்குப்பேட்டைக்குப் போனேன்.

மூன்றாவது மாடி. ஒற்றை அறை, ஒரு சமையலறை, ஒரு துண்டு பால்கனி. கதவைத் திறந்தது தணிகைவேலின் மனைவி கோமதி. தண்ணீர் வேண்டுமா என்றுகூடக் கேட்காமல் சமையலறைக்குள் போய்விட்டாள். கட்டிலில் பெரியவர் ஏகாம்பரம். எலும்பும் தோலுமாக, விட்டத்தைப் பார்த்தபடி. தலைமாட்டில் பெட்டி, அதன் விசிறி ஓ என்று இரைந்துகொண்டிருந்தது. அந்த இரைச்சலுக்கு மேலே ஒரு குரல்.

"பாரிமுனை. பீச் ஸ்டேஷன். கல்மண்டபம். தண்டையார்பேட்டை. டோல்கேட்."

"அப்பா கண்டக்டர்" என்றான் தணிகைவேல். "பஸ்ல கண்டக்டரே வேணாம்னு எடுத்தாங்களே, அதுக்கு முந்தின கடைசி செட்டு. எப்பப் பாரு இதேதான். விசிறி ஒருபக்கம், இது ஒருபக்கம். கீழே என்ன முணுமுணுக்கிறார்னு கேக்க விடமாட்டேங்கிறார்."

பாரிமுனையிலிருந்து எண்ணூர் போகிற ரூட். என் ரூட். நான் எர்ணாவூர்க்காரி, முப்பது வருஷமாக அந்த பஸ்ஸில்தான் கடைக்கு வந்துபோகிறேன். இவர் கிழித்துக் கொடுத்த டிக்கெட்டில்கூடப் போயிருப்பேன். எனக்கு அவர்மேல் ஒரு சொந்தமே வந்துவிட்டது.

வேலை மூன்று மணி நேரம் பிடித்தது. பால்கனிச் சுவரில் ரேடியேட்டரை உயரத்தில் மாட்டினேன், காற்றுக் குமிழி மேலே போய் நிற்கட்டும் என்று. சிப்பைத் துடைத்து, சூட்டைக் கடத்தும் பேஸ்ட் தடவி, பம்ப்பை உட்காரவைத்தேன். பெட்டி அணைந்திருந்த நேரத்தில் பெரியவர் கண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. கெஞ்சுகிற கண். குரல் இல்லாமல் பயப்படுகிறார் என்று நினைத்து, "இதோ ஆச்சு பெரியவரே, சிங்கம் மாதிரி பேசலாம்" என்றேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

பெட்டியை முடுக்கி, அவன் கேட்டபடி சூட்டில் அணையும் பாதுகாப்பையும் எடுத்துவிட்டு, வேகத்தை ஆறுக்கு ஏற்றினேன். நீள ஸ்க்ரூடிரைவர் முனையைப் பம்ப்பில் வைத்துப் பிடியைக் காதில் அழுத்திக் கேட்டேன். அப்படித்தான் நான் பார்ப்பேன், மீட்டர் எல்லாம் அப்புறம். பம்ப் சுகமாக ஓடியது. காதை எடுத்தால் அறையில் ஊசி விழுந்தால் கேட்கும். அந்த அமைதியில் குரல் இப்போது தடங்கல் இல்லாமல், மடமடவென்று வந்தது.

"பாரிமுனை பீச் ஸ்டேஷன் கல்மண்டபம் தண்டையார்பேட்டை டோல்கேட் காலடிப்பேட்டை தேரடி எல்லையம்மன் கோயில் விம்கோ நகர் எர்ணாவூர் எண்ணூர். பாரிமுனை பீச் ஸ்டேஷன்..."

இரண்டு முறை கேட்டேன், மூன்று முறை கேட்டேன். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் ஒரே பிசகு. தப்பு என்றால் என் வாய் சும்மா இருக்குமா?

"இன்னா பெரியவரே, காலடிப்பேட்டைக்கு அப்புறம் நேரா தேரடிக்குப் போயிட்டீங்க? ராஜாக்கடை ஸ்டாப்பிங்கை முழுங்கிட்டீங்களே! அங்க இறங்குற ஜனங்க உங்களைச் சும்மா விடுமா?"

குரல் நின்றது. பிறகு பெட்டி கத்தியது, "ஹோல்டான்! ஹோல்டான்! ஹோல்டான்!"

பஸ்ஸை நிறுத்தச் சொல்லிக் கண்டக்டர்கள் கத்துவார்களே, அதேதான். பழைய ஞாபகம் வந்து விளையாடுகிறார் என்று நான் கைதட்டிச் சிரித்தேன். சிப்பின் சூடு சட்டென்று ஏறியது, கூலர் அதை ஒரே மூச்சில் இறக்கியது. என் வேலையைப் பார்த்து எனக்கே பெருமை.

திரும்பினால் தணிகைவேல் சுவரில் சாய்ந்து நின்றான். "என்ன ஸ்டாப்பிங்க்கா சொன்னீங்க?"

"ராஜாக்கடை."

"ராஜாக்கடை" என்று அவனும் ஒரு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டான். சமையலறையில் ஏதோ பாத்திரம் கீழே விழுந்தது.

தண்ணி கூலர் மாட்டினால் மூன்றாம் நாள் நானே போய்க் குமிழி பார்ப்பேன். கூப்பிட வேண்டாம், போவேன், அது என் பழக்கம். அன்று மதியம் போனபோது தணிகைவேல் இல்லை. கோமதியின் முகம் வீங்கியிருந்தது.

"எங்கம்மா அவரு?"

"ரெண்டு நாளா காலையில போனா பொழுது சாஞ்சுதான் வர்றாரு. ராஜாக்கடை ஸ்டாப்பிங்ல நிக்கிறாராம்."

"அங்க நின்னு என்ன பண்றாரு?"

அவள் சமையலறைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் மடிக்கணினியைப் பெட்டியில் சொருகி, சூட்டுக் கணக்கைத் திறக்கப்போய், பெட்டி எழுதி வைத்திருந்த பதிவைத் திறந்துவிட்டேன். டாக்டர்கள் பார்ப்பதற்காக வைத்த பதிவு. ஒரு பக்கம் உரக்கச் சொன்னது. முழுக்க பஸ் ஸ்டாப்பிங் பெயர்கள், ஆயிரக்கணக்கில். இன்னொரு பக்கம் முணுமுணுப்பு.

அதில் சில வார்த்தைகளுக்கு மட்டும் யாரோ மஞ்சள் அடித்திருந்தார்கள். *சங்கவி.* *புள்ளைக்கு ரெண்டு வயசு.* *மாடி.* *பச்சை கேட்.* *முருங்கை மரம்.* முந்தாநாள் தேதியில், நான் நின்று சிரித்த அந்த நிமிஷத்தில், *ராஜாக்கடை.* அதற்கு மேலும் கீழும் மஞ்சள் அடிக்காத வரிகள். *வேணாம்டா. தங்கச்சிடா. வேணாம்டா. கத்தியக் கீழ போடு.* ஒவ்வொரு வரி முடிவிலும் ஒரு சின்னக் குறி, தணிகைவேலின் போனுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று.

"கோமதி, சங்கவி யாரு?"

"நாத்தனாரு. நாலு வருஷம் முந்தி வேற ஜாதிப் பையனைக் கட்டிக்கிட்டுப் போயிடுச்சு. அன்னிலேர்ந்து இவருக்கு வேற நினைப்பே கிடையாது. மாமாவுக்கு மட்டும் இடம் தெரியும். பக்கவாதத்துல விழுறதுக்கு முந்தி மாசம் ஒருவாட்டி அந்த எண்ணூர் பஸ்ல ஏறிப் போயிட்டு வருவாரு. எங்க போறாருன்னு அடிச்சுக் கேட்டும் வாயைத் திறக்கல." அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "இப்ப வாயைத் திறக்கவே வேணாம்னு ஆயிடுச்சு."

எனக்கு அப்போதுதான் எல்லாம் உறைத்தது. மகள் இருக்கும் இடம் நினைப்பில் வந்துவிடக்கூடாதென்றுதான் அந்த மனுஷன் ராப்பகலாக ஸ்டாப்பிங் பெயர்களைச் சொல்லி மனசை அடைத்து வைத்திருக்கிறார். அந்த ஒரு பெயரை மட்டும் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறார். விசிறி இரைச்சல் அவருக்கு ஒரு போர்வையாக இருந்திருக்கிறது. நான் போர்வையையும் உருவி, அவர் விழுங்கி வைத்திருந்த பெயரையும் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். கூலிக்காகக்கூட இல்லை, வாய் அரிப்புக்காக.

திரையில் புது வரிகள் ஓடிக்கொண்டிருந்தன. உரக்க, "கல்மண்டபம் தண்டையார்பேட்டை டோல்கேட்." முணுமுணுப்பில், *பச்சை கேட்டுக்கு எதிர்ல.* பெரியவர் நெற்றி வியர்த்துக் கொட்டியது. மறுபடி, *எதிர்ல. மாவு மெஷினுக்குப் பக்கத்துல. தெரு பேரு...* வரி பாதியில் அறுந்தது. "காலடிப்பேட்டை! காலடிப்பேட்டை! காலடிப்பேட்டை!" என்று பெட்டி அலறியது. பாதி வரியும் போய்ச் சேர்ந்ததாகக் குறி விழுந்தது.

"அணைச்சிடுங்கக்கா" என்றாள் கோமதி, காற்றுதான் வந்தது குரலில்.

"அணைச்சா சாயங்காலம் வந்து திருப்பிப் போடுவான்."

அவளுக்குப் புரிந்துவிட்டது. மாமனாரின் நெற்றி வியர்வையைத் துடைத்தாள். பிறகு, "சட்னிக்கு அரைக்கணும். மிக்ஸி போடப்போறேன். எனக்கு ஒண்ணும் கேக்காது" என்று சொல்லி உள்ளே போனாள். மிக்ஸி ஓடத் தொடங்கியது. அது காலி மிக்ஸியின் சத்தம்.

நான் கட்டில் பக்கத்தில் மண்டியிட்டேன். மாதா கோயிலில்கூட அப்படி மண்டியிட்டதில்லை.

"பெரியவரே, தப்புப் பண்ணிட்டேன். இந்த பம்ப்பை நிறுத்தினா அஞ்சு நிமிஷத்துல சிப்பு போயிடும். உங்க குரலும் போயிடும். இந்த வயசுல இன்னொரு பெட்டிக்கு உங்களை எழுதமாட்டாங்க. நிறுத்தட்டுமா?"

கண் என்மேல் நின்றது. பெட்டி நிதானமாக, டிக்கெட் எல்லாம் போட்டு முடித்த கண்டக்டர் மாதிரி சொன்னது, "போலாம். ரைட்."

பம்ப் வயரைப் பிடுங்கினேன்.

எழுபது. எண்பத்தைந்து. நூறு. திரையில் எண் ஏற ஏறக் குரல் குழறியது. பாரிமுனையில் தொடங்கினார். பீச் ஸ்டேஷன். கல்மண்டபம். வார்த்தைக்கு வார்த்தை இடைவெளி கூடியது. முணுமுணுப்புப் பக்கத்தில் ஒரே வார்த்தை, *சங்கவி, சங்கவி,* வேறெதுவும் இல்லை. தண்டையார்பேட்டை. டோல்கேட். நூற்றுப் பதினெட்டு. ரப்பர் கருகுகிற நாற்றம் வந்தது. காலடிப்பேட்டை என்றார், முழுசாக. அதோடு முடிந்தது. அவர் கண்ணோரம் வழிந்ததை நான்தான் துடைத்தேன். தெருப் பெயரைக் கண்ணசைவில் கேட்டிருக்கலாம், போய் அந்தப் பெண்ணை எச்சரித்திருக்கலாம். ஆனால் அதைக் கேட்க எனக்கு இனி என்ன யோக்கியதை இருக்கிறது? அவரும் கண்ணை மூடிக்கொண்டார்.

பம்ப்பின் அடிவயரை ஒரு இழை தேய்த்துவிட்டு, தானாக அறுந்தது போல வைத்தேன். பழி என்மேல் வரட்டும்.

மறுநாள் காலை தணிகைவேல் கடைக்கு வந்தான். கத்துவான், அடிப்பான் என்று ஸ்க்ரூடிரைவரைக் கையில் பிடித்து நின்றேன். அவன் ஸ்டூலில் உட்கார்ந்தான். அதே இஸ்திரி போட்ட சட்டை.

"பம்ப் நின்னுடுச்சாம்" என்றான்.

"வயர் தேஞ்சிருக்கும். நான் சரியாப் பாக்கல. என் தப்புதான்."

"பரவாயில்லக்கா." என் கையைப் பார்த்தான், பிறகு முகத்தைப் பார்த்தான். "ஸ்டாப்பிங் பேரு கிடைச்சிடுச்சு. அது நீங்க குடுத்ததுதானே. மத்ததை நான் பாத்துக்கிறேன்."

போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடினேன். அங்கே இருந்தவர் பொறுமையாகத்தான் கேட்டார். "ஒருத்தர் பஸ் ஸ்டாப்புல நிக்கிறாரு. அதாம்மா புகாரு? அந்தப் பொண்ணு யாரு, எங்க இருக்கு, அதைச் சொல்லுங்க, பாதுகாப்பு போடலாம்." பதிவு எங்கே என்றார். சிப்போடு கருகிவிட்டது. ராஜாக்கடைப் பக்கம் பச்சை கேட்டைத் தேடி ஒரு நாள் நடந்தேன். இரண்டாவது சந்தில் திரும்பினால் அவன் இருபதடி தள்ளிப் பின்னால் வந்துகொண்டிருந்தான். அதோடு நிறுத்திக்கொண்டேன். நான் தேடினால் அவனுக்குத் தேடிக்கொடுத்ததாகிவிடும்.

தினமும் அந்த பஸ்ஸில்தான் போய்வருகிறேன். இப்போது கண்டக்டர் கிடையாது, ஒரு பதிவுசெய்த குரல் ஸ்டாப்பிங் பெயரைச் சொல்லும். அது "ராஜாக்கடை" என்னும்போதெல்லாம் எனக்கு வியர்த்துவிடும். நிழற்குடை ஓரத்தில் அவன் நிற்பான். இறங்கும் பெண்களின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்ப்பான். குழந்தை வைத்திருந்தால் இரண்டு தரம் பார்ப்பான். என்னைப் பார்த்தால் மரியாதையாகத் தலையசைப்பான்.

அதனால் நான் ஒரு வேலை செய்தேன். காலடிப்பேட்டை தாண்டியதும் எழுந்து கதவுப் பக்கம் போய் நிற்பேன். சின்ன வயசுப் பெண் யார் இறங்க எழுந்தாலும், காதோரம் குனிந்து, "இங்க இறங்காதம்மா. தேரடியில இறங்கி நடந்து வந்துடு" என்பேன். பாதிப்பேர் என்னைப் பைத்தியம் என்று நினைத்தார்கள். ஒருத்தி கையை உதறினாள். ஒருத்தி திட்டிவிட்டு இறங்கினாள்.

பதினோராவது நாள் ஒரு பெண் எழுந்தாள். இடுப்பில் குழந்தை, கையில் மருந்துப் பை. நான் சொன்னதும் ஏன் என்று அவள் கேட்கவில்லை. ஜன்னல் வழியாக நிழற்குடையைப் பார்த்தாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லாமல் போயிற்று. குழந்தையின் தலையை முந்தானையால் மூடிக்கொண்டு சட்டென்று குனிந்து உட்கார்ந்துவிட்டாள். பெரியவரின் அதே கண். நான் பெயர் கேட்கவில்லை. கதவு மூடியது, பஸ் நகர்ந்தது. தேரடியில் அவளை இறக்கிவிட்டு, ஆண்டவரே, என் வாயால் ஒரு நல்ல காரியம் நடந்ததே என்று எண்ணூர் வரைக்கும் அழுதுகொண்டே போனேன். எர்ணாவூரில் இறங்கவும் மறந்துவிட்டேன்.

ராஜாக்கடையில் பஸ் நகர்ந்தபோது அவன் நிழற்குடையிலிருந்து இரண்டடி முன்னால் வந்ததைப் பார்த்தேன். என்னைத்தான் பார்த்தான், எப்போதும் போலத் தலையசைத்தான். கதவருகே நின்று நான் யாரோடு பேசினேன், பேசிய பிறகு யார் இறங்கவில்லை என்று எண்ணிப் பார்க்க அவனுக்கு ஒரு ராத்திரி இருந்தது.

மறுநாள் ராஜாக்கடை நிழற்குடையில் யாரும் இல்லை. பஸ் காலியாக நின்று புறப்பட்டது. எனக்கு அப்பாடா என்றிருந்தது.

தேரடியில் நின்றுகொண்டிருந்தான்.